பன்னிரண்டு மைலுக்கு அப்பால்

சிவதர்ஷனின் படகைக் கப்பல் முட்டியபோது நன்றாக விடிந்திருந்தது. இருட்டில் நடந்தது, படகில் விளக்கு இல்லை, மழைக்குள் கண் தெரியவில்லை என்று பின்னால் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். ஆனி மாதம். மழை எங்கே? கடல் தகடு போலக் கிடந்தது. சூரியன் தண்ணீரை விட்டு மேலே ஏறி வெயில் முதுகில் சுடத் தொடங்கியிருந்தது.

பெரியகல்லாற்றிலிருந்து முதல் நாள் பின்நேரம் புறப்பட்ட அந்தப் படகில் இரண்டே பேர். படகின் சொந்தக்காரன் சிவதர்ஷன். மற்றவன் சிவதர்ஷனின் மனைவி கஜானிக்குத் தம்பியான உதயரூபன். வலையில் பாதியை ஏற்றிவிட்டு, மிச்சத்தை இழுக்கும் முன் சிவதர்ஷன் சற்று இருந்தான். வீட்டில் மகள் விதுர்ஷாவுக்குக் காய்ச்சல். போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. கையை உயர்த்திப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பொலித்தீன் பையில் சுற்றித் திரும்பவும் இடுப்பில் செருகினான்.

தெற்கிலிருந்து வடக்கே வந்த கப்பலை முதலில் கண்டது உதயரூபன். அந்தப் பக்கத்தால் கப்பல் போவது புதினமல்ல. வழமையாகத் தூரத்திலேயே விலகிப் போய்விடும். இது விலகவில்லை. சிவதர்ஷன் சேர்ட்டைக் கழற்றி வீசிக் காட்டினான். உதயரூபன் இஞ்சினை இழுத்தான்; இஞ்சின் பிடித்துக்கொண்டது, ஆனால் வலை படகோடு கட்டிக் கிடந்தது. “வலைய வெட்டுடா!” என்று சிவதர்ஷன் கத்தினான். உதயரூபன் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு சிவப்புச் சுவர் தலைக்கு மேலே நின்றது.

உதயரூபன் தண்ணீருக்கு மேலே வந்தபோது கப்பலின் பின்பக்கம் தெரிந்தது. ‘கொரின்டா’ என்ற பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். மேல்தட்டில் ஒருவரையும் காணவில்லை. கப்பல் நிற்கவுமில்லை, வேகம் குறையவுமில்லை. அவன் எண்ணெய்க் கலன் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு “மச்சான், மச்சான்” என்று கூப்பிட்டான்.

சற்றுத் தள்ளித் தொழில் செய்துகொண்டிருந்த மருதமுனைக்காரன் றுஸ்தி எல்லாவற்றையும் கண்டான். தன்னுடைய வலையை விட்டுவிட்டு வந்து உதயரூபனைத் தூக்கினான். அன்று பின்நேரம் தேடப்போன படகுகள் மிதந்த வலையை இழுத்தபோது சிவதர்ஷனும் வந்தான்.

கஜானிக்கு முப்பத்தாறு வயது. களுவாஞ்சிகுடியில் கூட்டுறவுக் கடையில் விற்பனையாளராக வேலை. ஊரில் யாருக்காவது அரசாங்கக் கந்தோரில் ஒரு அலுவல் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கே எப்படிப் பேசவேண்டுமென்று அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுடைய எண்ணம், அவளுடையதும் அதுதான். செத்தவீட்டில் அவள் பெரிதாக அழவில்லை. மூன்றாம் நாள் மீன்பிடிச் சங்கத் தலைவர் வந்து, கப்பலைத் திருகோணமலைத் துறைமுகத்தில் மறித்துவிட்டார்கள், கப்டன் பொலிஸ் காவலில் இருக்கிறான் என்று சொன்னார். அப்போதுதான் அவள் அழுதாள். “பிடிச்சாச்சா? உண்மையாப் பிடிச்சாச்சா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்தக் கப்பல் தானாகவே திருகோணமலைக்குச் சரக்கு இறக்க வந்ததுதான். வந்த இடத்தில் பெயரைப் பார்த்து மறித்தார்கள். முகப்பில் படகின் நீலப் பெயின்ற் உரசிக் கிடந்தது. தனக்கு ஒன்றும் தெரியாது, கப்பலில் ஒரு ஆட்டமும் தெரியவில்லை என்று கப்டன் சொன்னானாம்.

சங்கம் ஒழுங்குபடுத்திய சட்டத்தரணி அகீலா ஏறாவூர்ப் பெண். மட்டக்களப்பில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அறை. கஜானி தம்பியையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு உதயரூபன் கேட்டதற்கு மட்டும்தான் வாய் திறப்பான். அன்றும் கதிரை நுனியில் இருந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க நடந்தது தம்பி? எத்தின மைல்?” என்று அகீலா கேட்டாள்.

“சரியாச் சொல்ல ஏலா மிஸ். கனக்கத் தூரம்.”

“அதுதான் இதுல முக்கியம்.” அகீலா ஒரு கடதாசியை எடுத்து நெடுக ஒரு கோடு இழுத்தாள். “இது கரை எண்டு வைங்க. இதுல இருந்து பன்னிரண்டு கடல்மைல் நம்மட தரை மாதிரி. அதுக்குள்ள நடந்திருந்தா நம்மட பொலிஸ் பிடிக்கலாம், நம்மட கோட்டு விசாரிக்கலாம்.”

“தாண்டி இருந்தா?”

“அதுக்கங்கால இருபத்திநாலு வரைக்கும் நேவிக்கு அதிகாரம் கிடக்கு. கடத்தல், களவா ஆள் ஏத்துறது, நாட்டுப் பாதுகாப்பு. உங்கட படக மறிச்சுப் பாக்கலாம், சந்தேகம் எண்டா கப்பலையும் மறிக்கலாம். இருநூறு வரைக்கும் மீன் நம்மட, கடலுக்கடியில எண்ணெய் கிடந்தா அதுவும் நம்மட. வேற நாட்டான் வந்து மீன் பிடிச்சா அவன்ட போட்டையே கட்டி இழுத்துக்கொண்டு வரலாம்.”

“மிஸ், நான் மீனக் கேக்கல்ல.”

அகீலா பேனையை வைத்தாள். “தெரியும் அக்கா. கப்பல் முட்டி ஆள் செத்தா, பன்னிரண்டுக்கு வெளிய எண்டா, அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியில ஓடுதோ அந்த நாடுதான் கப்டன விசாரிக்கலாம். இல்லாட்டி கப்டன்ட சொந்த நாடு. நாம பிடிச்சு வச்சிருக்கவும் ஏலா. உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட சட்டம்.”

“இவன்ட கொடி எந்த நாடு?”

அகீலா ஒரு பெயரைச் சொன்னாள். கஜானி கேள்விப்பட்டிராத பெயர். எங்கோ பெருங்கடலின் நடுவில் கிடக்கும் தீவாம். கப்பலின் முதலாளி வேறொரு நாடு, கப்டன் இன்னொரு நாடு. அந்தக் கப்பல் அந்தத் தீவைக் கண்ணால் கண்டிருக்குமா என்பதே சந்தேகம் என்றாள் அகீலா.

“மீனுக்கு இருநூறு மைல்,” என்றாள் கஜானி. “மனிசனுக்குப் பன்னிரண்டு.”

நட்டஈட்டு வழக்கு வேறு, அதைக் கொழும்பில் போடலாம், அதற்குத் தூரம் ஒரு தடையில்லை, உதயரூபனும் றுஸ்தியும் கண்டதைக் கண்டபடி சொன்னால் போதும் என்று அகீலா விளங்கப்படுத்தினாள். கஜானிக்கு அது காதில் ஏறவில்லை. அவளுக்கு அந்தக் கப்டன் நீதிமன்றக் கூட்டில் நிற்கவேண்டும். தன் புருசனின் பெயரைச் சொல்லி யாராவது அவனிடம் கேள்வி கேட்க வேண்டும்.

எழும்பும்போது அகீலா இன்னொன்றும் சொன்னாள். “கப்பல்ல நடக்கிறதெல்லாம் பதியிற கருவி ஒண்டு இருக்கும். அந்த நேரத்துப் பதிவு அழிஞ்சு போச்சு எண்டு சொல்றாங்க. அதை நான் நம்பல்ல, ஆனா என்ன செய்ற?”

“அப்ப அவங்களிட்ட ஒண்டும் இல்லையா மிஸ்?”

“இல்ல எண்டுதான் சொல்றாங்க.”

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கஜானி ஆற்றைப் பார்த்தாள், பாலத்தை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பெரியகல்லாற்றில் இறங்கி, தம்பியின் வளவுக்குள் வந்து, படலையைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

“எத்தினடா?”

“இருபத்தொண்டு. மச்சான்ட ஜிபிஎஸ்ல பாத்தனான். வயர்லெஸ் இல்லாம அவ்வளவு தூரம் போகக்கூடாது எண்டுதான் அங்க சொல்லல்ல.”

“அது எங்க இப்ப?”

“கடல்ல.”

“அப்ப பதினொண்டு எண்டு சொல்லு.”

உதயரூபன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “சத்தியம் பண்ணித்தானே அக்கா சொல்லணும்.”

“அவனும் சத்தியம் பண்ணித்தானே ஒண்டும் தெரியா எண்டு சொல்லப் போறான்! பதிவ அழிச்சவனுக்கு ஒண்டுமில்ல. நீ ஒரு இலக்கத்த மாத்திச் சொல்ற. நடந்தத மாத்தல்லையே? கப்பல் வந்தது உண்மை, முட்டினது உண்மை, நிக்காமப் போனது உண்மை. இடத்த மட்டும் கொஞ்சம் கரைக்குக் கிட்டக் கொண்டு வா.”

“ஏலா அக்கா.”

“உன்ட மச்சான் அங்கால செத்ததால ஒருத்தரும் கேக்க மாட்டாங்களாம். இஞ்சால செத்திருந்தாக் கேப்பாங்களாம். இந்தக் கதைய நான் எப்பிடி என்ட புள்ளைக்குச் சொல்ற?” அவள் படலையை விட்டு அவனுக்குக் கிட்ட வந்தாள். “நீ கத்தியத் தேடிக்கொண்டு நிண்ட எண்டு நான் ஒருநாளாவது கேட்டனா உன்ன?”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே விளங்கியது. உதயரூபன் தலையைக் குனிந்துகொண்டான். “றுஸ்தி நானாவுக்கு இடம் தெரியும். அவர்ட ஜிபிஎஸ்ல கிடக்கும்,” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் பின்நேரம் கஜானி மருதமுனைக்குப் போனாள். றுஸ்தி கடற்கரையில் வலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். ஐம்பதைத் தாண்டிய மனிதன்; தாடி பாதி நரைத்திருந்தது. அண்ணன் முறை வைத்து எல்லோருக்கும் அவன் ‘நானா’. கண்டதும், “வாங்க தங்கச்சி” என்று கதிரை எடுத்து வரச் சொன்னான். தான் வந்த காரணத்தை அவள் மறைக்காமல் சொன்னாள். அவன் கடைசிவரைக்கும் கேட்டான்.

“உங்கட கவல எனக்கு விளங்குது. ஆனா நான் பொய் சொல்ல மாட்டன்,” என்றான். “கப்பல் ஹோர்ன் அடிக்கல்ல, மெதுவாக்கல்ல, பின்னால திரும்பிப் பாக்கவும் இல்ல. இதச் சொல்லத்தான் நான் கோட்டுக்கு வரணும் எண்டு இருந்த. வந்தா எந்த இடம் எண்டு கேப்பாங்க. கேட்டா உள்ளதத்தான் சொல்லுவன்.”

“அப்ப வராதீங்க நானா.”

அவன் அவளையே பார்த்தான். “கண்ட ஆள் நான் ஒருத்தன்தான் தங்கச்சி.”

“கண்டது என்ட தம்பியும்தான். நீங்க வராதீங்க. அல்லாவுக்காகக் கேக்கன்.”

அவன் தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு மிடறு குடித்தான். “அல்லாட பேரச் சொல்லி என்னத்தக் கேக்கிறீங்க,” என்றான். பிறகு, “சரி. என்ட விருப்பத்துல வரமாட்டன். கோட்டுக் கட்டளை வந்தா வேற கத,” என்றான்.

திருகோணமலை நீதிமன்றத்தில் முதல் நாள் விசாரணையே அதிகாரம் பற்றியதுதான். இந்த நீதிமன்றம் கப்டனை விசாரிக்கலாமா, கூடாதா? கஜானி அந்த மனிதனை முதல் தடவையாகக் கண்டாள். அவள் மனதில் வைத்திருந்த உருவம் பெரியது. வந்தவன் கட்டையான ஆள். வெள்ளைச் சேர்ட், கழுத்தில் நூலில் தொங்கிய கண்ணாடி, நித்திரையில்லாத முகம். மர வாங்கில் உட்கார்ந்து தன் கை நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை அவளுடைய பக்கம் திரும்பினான். அவள் யாரென்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கண் அவளைத் தாண்டிப் போய்ச் சுவரில் நின்றது.

உள்ளே போகும் முன் அகீலா உதயரூபனிடம் இடத்தைப் பற்றித் திரும்பவும் கேட்டிருந்தாள். “பதினொண்டு மிஸ்,” என்றான். அகீலா அவனையும் கஜானியையும் மாறி மாறிப் பார்த்தாள். “உண்மையாவா?” “ஓம் மிஸ்.” அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

உதயரூபன் கூட்டில் ஏறிச் சத்தியம் பண்ணினான். நடந்ததையெல்லாம் சொன்னான். சேர்ட்டை வீசிக் காட்டியது, வலை கட்டிக் கிடந்தது, சிவப்புச் சுவர். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி கஜானி அதற்கு முன் கேட்டதில்லை. நீதிமன்றமே அடங்கிப் போய்க் கேட்டது. கப்டன்கூட மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், “பதினொரு மைல்” என்றான். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிப்போனது.

கப்பல் பக்கத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த சட்டத்தரணி நல்ல தமிழ் பேசினார். குரலை உயர்த்தவேயில்லை.

“உங்கள் மைத்துனரின் மரணத்துக்கு என் அனுதாபங்கள். அவர் அன்று காலையில் மகளோடு பேச முயன்றார், இல்லையா?”

“ஓம்.”

“பேச முடிந்ததா?”

உதயரூபன் கஜானியின் பக்கம் திரும்பினான்.

“ஆஸ்பத்திரியில் நீங்கள் பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் இருக்கிறது. ‘சிக்னல் இல்லாதபடியால் மச்சான் போனைத் திரும்பவும் இடுப்பில் செருகினார்.’ பதினொரு மைலில் உங்கள் ஊர்ப் படகுகளுக்குச் சிக்னல் கிடைக்கும்தானே?”

“சில நேரம் கிடைக்காது.”

“கரை தெரிந்ததா?”

“தெரியல்ல.”

“மலை?”

அந்தப் போன் கதையைத் தம்பி கஜானியிடமும் சொல்லியிருந்தான். புருசன் கடைசியாகச் செய்த காரியம் அது என்று அவள் அதை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அதே கதையை அந்த மனிதர் எடுத்து அவர்கள்மேலேயே போட்டார்.

பிறகு அவர் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். ஓடும் கப்பல் ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தை இடைவிடாமல் வானொலியில் அறிவித்துக்கொண்டே போகுமாம். மேலே சுற்றும் செய்மதிகள் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுமாம். கப்பலுக்குள் இருந்த பதிவு அழிந்தது உண்மைதான், ஆனால் இது வெளிநாட்டில் ஒரு நிறுவனத்திடம் இருந்து வாங்கியது என்றார். உதயரூபன் சொன்ன நேரத்தில் கப்பல் இருந்த இடம் கரையிலிருந்து இருபத்தொரு கடல்மைல்.

அகீலா எழுந்தாள். வரைபடத்தைத் தானும் பார்க்க வேண்டுமென்றாள். தெற்கிலிருந்து வடக்கே இழுத்த கோட்டில் ஒரு வளைவும் இல்லை, வேகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை என்பதை நீதவானுக்குக் காட்டினாள். நல்ல வெளிச்சத்தில், முன்னால் ஒரு படகு நிற்கும்போது, கப்பல் ஒரு பாகைகூடத் திரும்பவில்லை. இவர்கள் கொண்டுவந்த காகிதமே அதைச் சொல்கிறது என்றாள்.

நீதவான் அதைக் கவனமாகப் பார்த்தார். “நீங்கள் சொல்வதை நான் காண்கிறேன்,” என்றார். “ஆனால் அது எந்த இடத்தில் நடந்தது என்பதையும் காண்கிறேன். அந்த இடத்தில் நடந்ததை விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்லை.”

கப்டனின் பயணத் தடை நீக்கப்பட்டது. வழக்குக் கோவையை அரசாங்கத்தின் ஊடாகக் கொடி நாட்டுக்கு அனுப்பலாம் என்று உத்தரவு வந்தது. உதயரூபனைக் கூப்பிட்டு, பொய்ச் சாட்சி சொன்னால் என்ன தண்டனை தெரியுமா என்று நீதவான் கேட்டார். உறவை இழந்தவன் என்பதற்காக விடுவதாகவும் சொன்னார். உதயரூபன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அங்கே தலை குனிந்து நின்ற ஆள் அவன் ஒருவன்தான்.

வெளியே, வேப்பமரத்தடியில் அகீலா கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

“என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அக்கா.”

“கேட்டா நீங்க வேணாம் எண்டுதானே சொல்லியிருப்பீங்க.”

“ஓம், வேணாம் எண்டுதான் சொல்லியிருப்பன். இருபத்தொண்டு எண்டு சொல்லியிருந்தாலும் இந்தக் கோட்டுல இதேதான் நடந்திருக்கும். ஆனா அந்த நாட்டுக்குப் போற கோவையில கண்ணால கண்டவன்ட சுத்தமான வாக்குமூலம் ஒண்டு இருந்திருக்கும். இப்ப அந்த வாக்குமூலத்தோட நீதவான் சொன்னதும் சேந்து போகும்.”

“அந்த நாடு விசாரிச்சுக் கிழிச்சிருக்கும்!” என்றாள் கஜானி. சத்தமாகவே சொன்னாள், வாசலில் நின்ற பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார். “அகீலா மிஸ், நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. வேற நாட்டானுக்கு நம்மட சூரை மீன் ஒண்டத் தொட ஏலா. ஆளக் கொல்ல ஏலும். இதத்தானே நேவியும் கோட்டும் சட்டமும் எல்லாம் சேந்து வச்சிருக்கீங்க?”

“நான் வச்ச சட்டமில்லையே அக்கா,” என்றாள் அகீலா. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. அதைக் கண்டபோது கஜானிக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த நாள் கப்பல் போய்விட்டது. போகும் முன், கொழும்பில் ஒரு மூத்த சட்டத்தரணியைப் பிடித்து நட்டஈட்டு வழக்குக்குக் கப்பல்காரரின் பண உத்தரவாதத்தை அகீலா வாங்கி வைத்திருந்தாள். அதுதான் மிஞ்சியது. இந்தத் தடவை றுஸ்தி வரவேண்டுமென்று அகீலாவே மருதமுனைக்குப் போய்க் கேட்டாள். அவன் வந்தான். கொழும்பில், பெரிய மண்டபம் ஒன்றில் நின்று, கண்டதை எல்லாம் கண்டபடி சொன்னான். ஜிபிஎஸ்ஸையும் கொண்டுவந்து கொடுத்தான். அவன் பேசியதைக் கேட்டு, இது தேறும் போலிருக்கிறது என்று மூத்தவர் அகீலாவின் காதுக்குள் சொன்னாராம்.

பிறகு மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி ஒரேயொரு கேள்வி கேட்டார். இவ்வளவும் கண்ட மனிதர் திருகோணமலைக்கு ஏன் வரவில்லை?

றுஸ்தி பின்வரிசை வாங்கில் இருந்த கஜானியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் சுகமில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு எதையும் சொல்லியிருக்கலாம்.

“அந்தத் தங்கச்சி வரவேணாம் எண்டு கேட்டாங்க,” என்றான்.

வழக்குத் தீர்ப்புவரை போகவில்லை. சாட்சிகள் பேசி வைத்துக்கொண்டு நடந்தவர்கள் என்று நீதிபதி எழுதினால் ஒன்றும் கிடைக்காது, தருவதை வாங்கிக்கொண்டு முடிப்பது நல்லது என்று மூத்தவர் சொன்னார். பிழையை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ணத்தின் பேரில் ஒரு தொகை தருவதாகக் கப்பல்காரர் எழுதினார்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல இஞ்சின்கூட வாங்க முடியாது. கஜானி கையெழுத்துப் போட்டாள். படியில் இறங்கும்போது றுஸ்தி ஓரமாக நின்று, “என்ன மன்னிச்சுக்கங்க தங்கச்சி” என்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை. அவனைத் தாண்டிப் போனாள்.

உதயரூபன் கொழும்புக்குப் போகவில்லை. திருகோணமலையில் நடந்ததைக் கேட்டு, கடற்றொழில் அதிகாரிகள் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வயர்லெஸ் இல்லாத படகில் இருபத்தொரு மைல் போனதற்காக அவனுடைய அனுமதியை ஆறு மாதம் நிறுத்தினார்கள். இருபத்தொரு மைல் என்பதற்குச் சான்று, கப்பல்காரர் கொண்டுவந்த வரைபடம்தான். “அவனப் பிடிக்க ஏலாத தூரம் என்னப் பிடிக்க ஏலுது,” என்று உதயரூபன் சங்கத்தில் சொன்னானாம். சிலர் சிரித்தார்களாம். அவன் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அவன் கடலுக்குப் போகவேயில்லை, ஆறு மாதம் முடிந்த பிறகும். ஆற்றில் சின்னத் தோணியில் வீச்சுவலையோடு போய் இறாலும் செல்வன் மீனும் பிடித்து, கோட்டைக்கல்லாறுப் பாலத்தடியில் வைத்து விற்றான். ஊரில் அவனுக்குப் பதினொரு மைல் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அக்கா வீட்டுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டான். ஒருநாள் விதுர்ஷா போய்க் கூப்பிட்டதற்கு, “உன்ட அம்மா சொன்னா, நான் செய்தன். இனி அவ சொல்லவும் வேணாம், நான் செய்யவும் வேணாம்,” என்று சொல்லி அனுப்பினான். கஜானி அதைக் கேட்டுவிட்டுச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் ஒரு பிழையையும் அவளால் காணமுடியவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

இரண்டாம் வருடத் திவசம் முடிந்த கிழமை, அவள் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது அகீலாவின் போன் வந்தது. கொடி நாட்டிலிருந்து பதில் வந்திருந்தது.

“என்னவாம் மிஸ்?”

“கப்பல வித்திட்டாங்களாம் அக்கா. வாங்கினவங்க கொடிய மாத்திட்டாங்க. இப்ப அது தங்கட கப்பல் இல்ல, அதனால விசாரணைய மூடிட்டம் எண்டு எழுதியிருக்காங்க.”

“புதுக் கொடிக்காரன்?”

“அவன்ட கொடிக்கு வர முதல் நடந்தது. அவன் கேக்க மாட்டான். கப்டன்ட நாட்டுக்கும் எழுதின, பதிலே இல்ல.”

“இப்ப அந்தக் கப்பலுக்கு என்ன பேர்?”

“தெரியா அக்கா. பேரையும் மாத்திட்டாங்க.”

கஜானி போனை வைத்துவிட்டு, முன்னால் நின்ற மனுசிக்குப் பருப்பைச் சுற்றிக் கொடுத்தாள். அன்று முழுவதும் வேலை செய்தாள். பின்நேரம் பஸ்ஸில் பெரியகல்லாற்றுக்கு வந்தவள் வீட்டுக்குத் திரும்பாமல் பாலத்தடிக்கு நடந்தாள். தம்பியிடம் இதைச் சொல்லவேண்டும் போலிருந்தது. இந்தச் செய்தி முழுவதும் விளங்கக்கூடிய ஆள் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

உதயரூபன் தோணியைக் கரையில் ஏற்றிவிட்டு, ஒரு தாச்சிச் சட்டியில் இறாலை வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். மெலிந்திருந்தான். அவளைக் கண்டதும் எழும்பவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. யாரோ வாங்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்தான்.

வாய்வரை வந்த செய்தி அவளுக்கு நின்றுபோனது. அதைச் சொல்லி என்ன? கப்பல் இல்லை, பெயர் இல்லை, கேட்க ஒரு நாடு இல்லை. அவன் சொன்ன பொய்யும் அவள் சொல்லிக்கொடுத்த பொய்யும் மட்டும் எந்தக் கோவையிலோ இன்னும் கிடக்கும்.

“இறால் என்ன விலை?” என்று கேட்டாள்.

விலையைச் சொன்னான். தராசில் போட்டு, பையில் கட்டி நீட்டினான். சின்ன வயதிலிருந்து அவன் பிடித்த மீனுக்கு அக்காவிடம் ஒரு சதம் வாங்கியதில்லை; கொடுத்தால் சண்டைக்கு வருவான். இன்றும் வரமாட்டானா என்று அவள் காசை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் வாங்கி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவரிடம், “உங்களுக்கு எவ்வளவு?” என்று கேட்டான்.